நிர்ப்பீடன ஆய்வாளர் ஒருவரின் வேலையை வாசிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

என் அக்காவின் மகள் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறாள். போன மாதம் ஒருநாள் பின்னேரம் வீட்டுக்கு வந்து, "மாமா, நிர்ப்பீடனவியல் ஆய்வாளர் ஒருத்தரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச வேணும், அவர் என்ன எழுதினார், அதால என்ன தாக்கம் எண்டு" என்றாள். ஏற்கெனவே ஒரு பக்கம் எழுதியும் வைத்திருந்தாள். இத்தனை ஆய்வுக் கட்டுரை, இத்தனை மேற்கோள், அந்த மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் எச் சுட்டெண் இவ்வளவு, இன்னின்ன விருது. நான் வாசித்துவிட்டு, "சரி, இவர் என்ன கண்டுபிடித்தார்?" என்று கேட்டேன். அவளிடம் பதில் இல்லை. பிழை அவளுடையது இல்லை, இணையத்தில் ஒரு ஆய்வாளரின் பெயரைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது எண்கள்தான், யாரும் அதற்கப்பால் எப்படிப் போவது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இந்தியத் தமிழில் வாசித்துப் பழகியவர்களுக்கு ஒன்று: நிர்ப்பீடனம் என்று நாங்கள் சொல்வது உங்களுடைய நோயெதிர்ப்பு.

நான் ஆய்வாளன் இல்லை. திருகோணமலையில் ஒரு ஆய்வுகூடத்தில் இரத்தப் பரிசோதனை செய்பவன். 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பெருகி உயிர்கள் போனபோது, பிளேட்லெட் எனப்படும் குருதிச் சிறுதட்டுகளை எண்ணி எண்ணியே எங்களுக்கு நாட்கள் போயின. அந்த வருடம் நாடு முழுவதும் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவானது. அப்போது ஒரு தாய் மகனின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "போன முறையும் இவனுக்கு டெங்கு வந்து சுகமானதுதானே தம்பி, ஒருக்கா வந்தால் எதிர்ப்புச் சக்தி வரும் எண்டுதானே சொல்லுறவை, இந்த முறை ஏன் இப்படி மோசமானது?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கத் தொடங்கினேன். இதிலிருந்தே என் முதல் ஆலோசனையும் வருகிறது: ஆய்வாளரைத் தெரிவுசெய்வதற்கு முன், உங்களுக்கு உண்மையில் பதில் வேண்டிய ஒரு கேள்வியைத் தெரிவுசெய்யுங்கள். கேள்வி கையில் இருந்தால் முந்நூறு கட்டுரை எழுதியவரின் பட்டியலைப் பார்த்தும் பயம் வராது, அதில் எந்த ஐந்து உங்களுக்கு வேண்டியவை என்று தெரிந்துவிடும்.

பெயரைச் சரியாகப் பிடிப்பது

அடுத்த வேலை சின்னது, ஆனால் பலர் வழுக்கி விழுவது இங்கேதான். பெயர். நம் நாட்டு ஆட்களின் பெயர்கள் ஆய்விதழ்களில் ஒரே மாதிரி வருவதில்லை. ஸ்ரீ ஜயவர்த்தனபுர பல்கலைக்கழகத்தில் டெங்கு நிர்ப்பீடனத்தை ஆராயும் பேராசிரியர் நீலிகா மலவிகேயை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய முழுப்பெயர் கத்சௌரி நீலிகா மலவிகே. பேட்டிகளில் நீலிகா மலவிகே என்று வரும், கட்டுரைப் பட்டியலில் மலவிகே என்ற பெயருக்குப் பின்னால் ஜி, என் என்ற இரண்டு முதலெழுத்துகள் மட்டும் நிற்கும். நீலிகா என்று மட்டும் தேடுபவருக்குப் பாதிக் கட்டுரைகள் தவறிப்போகும். தமிழ்ப் பெயர்களில் இன்னும் சிக்கல், தகப்பனின் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று அந்தத் தளங்களுக்குப் புரிவதில்லை, ஒரே ஆள் இரண்டு பேராகவும் இரண்டு பேர் ஒரே ஆளாகவும் ஆகிவிடுவார்கள்.

இது எனக்கே நடந்தது. ஒரு கருத்தரங்குக்குக் குறிப்பு எழுதும்போது, ஒரே குடும்பப் பெயரும் ஒரே முதலெழுத்தும் உள்ள வேறொருவரின் மூன்று கட்டுரைகளை நான் எழுதிக்கொண்டிருந்தவரின் கணக்கில் சேர்த்துவிட்டேன். அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் நினைத்தால் மனம் சுருங்குகிறது, ஏனென்றால் அது இன்னொருவரின் உழைப்பு. ஆகவே பெயரோடு நிறுவனத்தையும் பாருங்கள். ஓர்கிட் என்ற அடையாள எண் 2012இலிருந்து இருக்கிறது, ஆய்வாளருக்கு ஆள் ஒன்றுக்கு ஒரு எண், அடையாள அட்டை எண் மாதிரி. அது இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றவை எல்லாம் இரண்டாம் பட்சம்.

எங்கே தேடுவது என்றால், நிர்ப்பீடனவியலுக்கு முதலில் பப்மெட். இலவசம், மருத்துவ, உயிரியல் ஆய்விதழ்கள் மட்டும் இருப்பதால் குப்பை குறைவு. அதற்குப் பிறகு கூகுள் ஸ்கொலர், யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று பார்க்க அது வசதி. உள்நாட்டுச் சஞ்சிகைகளுக்கு இலங்கைச் சஞ்சிகைகளின் இணையத் தொகுப்பு ஒன்று இருக்கிறது, அதையும் விடாதீர்கள், நம் ஊர் நோய்களைப் பற்றிய நல்ல வேலை வெளிநாட்டு இதழ்களில் மட்டும்தான் வரும் என்று இல்லை. முழுக் கட்டுரைக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பப்மெட் சென்ட்ரலில் இலவசப் பிரதி இருக்கிறதா பாருங்கள், பிளொஸ் குடும்பத்து இதழ்கள் எல்லாமே இலவசம். ஒன்றும் கிடைக்காவிட்டால் கட்டுரையில் உள்ள மின்னஞ்சலுக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். "திருகோணமலையில் ஒரு மாணவி, உங்கள் இந்தக் கட்டுரையை வாசிக்க விரும்புகிறேன்" என்று எழுதினால் போதும். எனக்குப் பெரும்பாலும் ஓரிரு நாளில் பதில் வந்திருக்கிறது.

எந்த வரிசையில் வாசிப்பது

எல்லோரும் செய்வது, அதிக மேற்கோள் பெற்றதை முதலில் திறப்பது. நான் அப்படிச் செய்ய வேண்டாம் என்பேன். மலவிகேயின் பட்டியலில் 2004இல் போஸ்ட்கிராஜுவேட் மெடிக்கல் ஜேர்னலில் வந்த டெங்கு பற்றிய கட்டுரை மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவற்றில் ஒன்று. நல்ல கட்டுரை, ஆனால் அது மீளாய்வுக் கட்டுரை, அதாவது அதுவரை மற்றவர்கள் கண்டதைத் தொகுத்துச் சொல்வது. மீளாய்வுக் கட்டுரைகளுக்கு மேற்கோள் எப்போதும் கூடக் கிடைக்கும், அதை வைத்து "இவருடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பு இது" என்று எழுதினால் பிழையாகிவிடும். மீளாய்வை நோயைப் புரிந்துகொள்ள வாசியுங்கள், ஆளைப் புரிந்துகொள்ள மூல ஆய்வுகளுக்குப் போங்கள்.

மூல ஆய்வுகளை வருட வரிசையில் வைத்தால் ஒரு கேள்வி எப்படி நகர்கிறது என்று தெரியும். டெங்குவில் ஆளைக் கொல்வது காய்ச்சல் இல்லை, இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசிவது. ஏன் கசிகிறது? மலவிகே குழுவின் 2013ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, இன்டர்லூக்கின் 10 என்ற பொருள் கூடும்போது வைரசுக்கு எதிரான டீ கலங்களின் (நிர்ப்பீடனத்துக்கு வேலை செய்யும் ஒருவகை வெள்ளைக் கலங்கள்) செயல் அடக்கப்படுவதைக் காட்டுகிறது. 2015இல் வந்த கட்டுரை கசிவுக்கே வருகிறது, குருதிச் சிறுதட்டுகளைத் தூண்டும் ஒரு காரணிக்கு அதில் பங்கு இருக்கிறது என்கிறது. அந்தக் காரணியைத் தடுக்கக்கூடிய மருந்து ஏற்கெனவே கடையில் இருக்கிறதே, ஒவ்வாமைக்குக் கொடுக்கும் ருபடடீன், அதைக் கொடுத்துப் பார்த்தால் என்ன? எலிகளில் பார்த்தார்கள். பிறகு இலங்கையில் 183 பெரியவர்களில், மருந்து ஒரு பக்கம் போலி மாத்திரை ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்த்தார்கள், 2018இல் முடிவு வெளிவந்தது. மருந்து பாதுகாப்பானது, ஆனால் கசிவு குறைய வேண்டும் என்ற முதன்மை எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. சில நாட்களில் சில அளவைகளில் மட்டும் சின்ன நன்மை தெரிந்தது, அதையும் இன்னும் பெரிய ஆய்வில் பார்க்க வேண்டும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். என் மருமகள், "அப்ப அது தோல்விதானே மாமா, இதைச் சொல்லாமல் விடட்டா?" என்று கேட்டாள். விடவே கூடாது. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று முதல் பந்தியிலேயே வெளிப்படையாக எழுதும் ஆய்வாளரை நான் மிகவும் மதிக்கிறேன், அடுத்து வருபவருக்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும், நோயாளிகளை எந்த நாளில் சேர்க்க வேண்டும் என்று அதுதான் சொல்கிறது. ஒருவரைப் பற்றிய உங்கள் குறிப்பில் அப்படி ஒரு கட்டுரையாவது இருக்க வேண்டும்.

ஒரு கட்டுரைக்குள் போனதும் ஆசிரியர் வரிசையைப் பாருங்கள். இந்தத் துறையில் வழக்கமாக முதல் பெயர் வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர், பெரும்பாலும் இளம் ஆய்வாளர். கடைசிப் பெயர் ஆய்வுகூடத்தை நடத்துபவர். நடுவில் இருபது பேர் இருக்கலாம். நீங்கள் எழுதும் ஆள் நடுவில் பன்னிரண்டாவதாக இருந்தால் "இவர் கண்டுபிடித்தார்" என்று எழுதாதீர்கள், "இவரும் பங்குபற்றிய ஆய்வு" என்று எழுதுங்கள்.

ஆங்கிலம் கஷ்டமாக இருந்தால் மொழிபெயர்ப்புச் செயலியைப் பாவிக்கலாம், நானும் பாவிக்கிறேன், ஆனால் இரண்டு சொற்களில் கவனம். புள்ளிவிவரத்தில் சிக்னிஃபிகன்ட் என்று வந்தால் செயலி "குறிப்பிடத்தக்க" என்றோ "முக்கியமான" என்றோ போடும். அதன் பொருள் அது இல்லை, இந்த வேறுபாடு தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்பது மட்டுமே, நோயாளிக்கு அதனால் பெரிய நன்மை என்று அர்த்தம் கிடையாது. மற்றது நைவ் டீ கலம். அதை "அப்பாவி" என்று மொழிபெயர்த்தால் ஒன்றும் விளங்காது, தனக்குரிய பிறபொருளெதிரியாக்கியை, அதாவது தான் அடையாளம் காணவேண்டிய அந்நியப் பொருளை, இன்னும் சந்திக்காத கலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாக்கம் என்றால் என்ன, ஒரு நீண்ட உதாரணம்

அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். அதற்குப் பதில் தேடியபோது நான் போய்ச் சேர்ந்தது ஸ்கொட் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்கரிடம். 1960களில் பாங்கொக்கில் டெங்குக் குருதிப்போக்குக் காய்ச்சலில் வந்த பிள்ளைகளைப் பார்த்தபோது அவருக்கு இரண்டு விஷயம் உறுத்தியது. மோசமானவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது இரண்டாவது தொற்று. இன்னொரு கூட்டம் ஒரு வயதுக்குக் குறைந்த கைக்குழந்தைகள், அவர்களுக்கு அது முதல் தொற்றுத்தான், ஆனால் தாய்க்கு முன்பு டெங்கு வந்திருந்தது. இரண்டு கூட்டத்துக்கும் பொதுவானது என்ன? உடலில் ஏற்கெனவே டெங்குவுக்கான பிறபொருளெதிரி, அதாவது கிருமியில் ஒட்டிக்கொள்ள உடல் உண்டாக்கும் புரதம், இருந்தது, ஒருவருக்குச் சொந்தமாக, மற்றவருக்குத் தாயிடமிருந்து.

டெங்கு வைரசில் நான்கு வகை. ஒரு வகைக்கு உண்டான பிறபொருளெதிரி இன்னொரு வகையில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அதை முடக்க முடியாமல் போகலாம். ஒட்டிய வைரசை வெள்ளைக் கலங்கள் பிடித்து உள்ளே இழுக்கின்றன, வைரசுக்கோ அந்தக் கலத்துக்குள்தான் பெருக வேண்டும். காவல்காரனே வாசலைத் திறந்துவிட்ட மாதிரி. இப்படி ஒன்று நடக்கலாம் என்று 1964லேயே அவுஸ்திரேலியாவில் ஹோக்ஸ் என்பவர் வேறு வைரசுகளில் கவனித்திருந்தார். 1977இல் ஹால்ஸ்டெட்டும் ஓ'ரூர்க்கும் டெங்குவில் அதை ஆய்வுகூடத்தில் காட்டினார்கள்.

எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. நோயின் கடுமைக்குக் காரணம் வைரசின் வீரியம், பிறபொருளெதிரி அல்ல என்று லியோன் ரோசன் போன்றவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கியூபாவில் 1977இல் முதலாம் வகை பரவி, 1981இல் இரண்டாம் வகை வந்து பெரும் கொள்ளைநோயானது, ஹால்ஸ்டெட் பக்கத்துக்கு அது வலுச் சேர்த்தது. விவாதம் ஓயவில்லை. அப்புறம் 2015 கடைசியில் முதல் டெங்குத் தடுப்பூசி அனுமதி பெற்று, 2016இல் பிலிப்பைன்சில் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கினார்கள். முன்பு டெங்கு வராத பிள்ளைக்கு இந்த ஊசியே முதல் தொற்றுப் போல வேலை செய்து, பிறகு வரும் உண்மையான டெங்குவைக் கடுமையாக்கலாம் என்று ஹால்ஸ்டெட் அப்போதே எழுதி எச்சரித்தார். 2017 நவம்பரில், முன்பு தொற்று ஏற்படாதவர்களுக்கு ஆபத்துக் கூடுகிறது என்று உற்பத்தி செய்த நிறுவனமே அறிவித்தது. அதற்குள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஊசி போட்டாகிவிட்டது. அதே மாதத்தில், நிக்கரகுவாவில் 8,000 பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு சயன்ஸ் இதழில் வந்தது: பிறபொருளெதிரி மிகக் குறைவாக இருந்தாலும் மிக அதிகமாக இருந்தாலும் பிரச்சினை இல்லை, ஒரு குறிப்பிட்ட நடு அளவில் இருக்கும்போது கடும் நோய்க்கான ஆபத்து 7 மடங்குக்கு மேல் கூடுகிறது. 2018இல் உலக சுகாதார அமைப்பு, முன்பு டெங்கு வந்ததா என்று இரத்தத்தில் பார்த்துவிட்டுப் போடுவதே நல்லது என்று பரிந்துரைத்தது.

ஒரு கட்டுரையின் தாக்கம் என்றால் எனக்கு இதுதான். 40 வருடம் கழித்து ஒரு பிள்ளையின் கையில் ஊசி ஏறுமா ஏறாதா என்பதை அது தீர்மானிக்கிறது. இதை எந்தச் சுட்டெண்ணும் உங்களுக்குக் காட்டாது. அந்தத் தாயை நான் மறுபடி காணவில்லை, ஆனால் இப்போது யாராவது அப்படிக் கேட்டால் ஆறுதலாக இருந்து விளங்கப்படுத்த என்னால் முடியும்.

இதை நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? கூகுள் ஸ்கொலரில் கட்டுரைக்குக் கீழே மேற்கோள் எண்ணிக்கை இருக்கும், அதைத் தட்டினால் மேற்கோள் காட்டியவை வரும், அவற்றுக்குள் மட்டும் தேடுவதற்கு ஒரு சின்னப் பெட்டியும் இருக்கும். பெரும்பாலானோர் அந்தப் பெட்டியைக் கவனிப்பதில்லை. அதில் தடுப்பூசி, வழிகாட்டி, மருத்துவப் பரிசோதனை, எதிர்மறை என்று ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பிறகு ஐந்தாறு கட்டுரைகளைத் திறந்து, உங்கள் ஆளின் பெயர் வரும் வாக்கியத்தை மட்டும் வாசியுங்கள். முன்னுரையில் பத்துப் பெயரோடு சேர்த்து ஒப்புக்குச் சொன்னார்களா, அவருடைய முறையை எடுத்துத் தாங்களும் செய்தார்களா, அவர் சொன்னது பிழை என்கிறார்களா? மூன்றும் எண்ணிக்கையில் ஒன்றுதான், ஆனால் மூன்றும் ஒன்றல்ல. ரோசன் எதிர்த்து எழுதியதும் மேற்கோள்தானே.

எண்கள் பற்றி, சுருக்கமாக

எச் சுட்டெண்ணை 2005இல் ஹெர்ஷ் என்ற பௌதிகவியலாளர் முன்வைத்தார். ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் இறங்குவரிசையில் வையுங்கள்: 40, 22, 15, 6, 5, 2. ஐந்தாவது கட்டுரைக்கு ஐந்து மேற்கோள் இருக்கிறது, ஆறாவதுக்கு ஆறு இல்லை, ஆகவே அவருடைய எண் 5. இன்னொருவருக்கு 900, 4, 3, 1 என்றால் எண் 3. உலகத்தையே மாற்றிய ஒரு கட்டுரை எழுதியவர் இரண்டாவது ஆளாகவும் இருக்கலாம். வயது கூடக் கூட இந்த எண் கூடுமே தவிரக் குறையாது, அதனால் இளம் ஆய்வாளரையும் ஓய்வுபெற்ற பேராசிரியரையும் இதை வைத்து ஒப்பிடுவது நியாயமே இல்லை. அதோடு ஸ்கொலரில் உள்ள எண் ஸ்கோபஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் உள்ளதைவிட வழமையாகக் கூட இருக்கும், ஏனென்றால் ஸ்கொலர் ஆய்வேடுகளையும் எண்ணுகிறது. எந்தத் தளத்தில் எந்தத் திகதியில் எடுத்தது என்று எழுதாமல் எண்ணைக் குறிப்பிடாதீர்கள்.

தாக்கக் காரணி என்பது ஆளுடையது இல்லை, இதழுடையது. முந்தைய இரண்டு வருடங்களில் அந்த இதழில் வந்தவற்றுக்கு இந்த வருடம் சராசரியாக எத்தனை மேற்கோள் என்பதுதான் அது. பெரிய இதழில் வந்தும் யாரும் தொடாத கட்டுரைகள் உண்டு. இதழின் எண்ணை வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்களும் வெளியீட்டாளர்களும் ஒரு பிரகடனமே தயாரித்தார்கள், உலகம் முழுவதும் நிறையப் பேர் அதில் ஒப்பமிட்டிருக்கிறார்கள். எண் வேண்டும் என்று உங்கள் விரிவுரையாளர் கட்டாயப்படுத்தினால், ஐசைட் என்ற இலவசத் தளத்தில் துறையையும் வருடத்தையும் சமப்படுத்திய ஒரு விகிதம் கிடைக்கும், நான் அதையே விரும்புவேன்.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள். கரிகோவும் வைஸ்மனும் 2005இல் எழுதிய ஆர்.என்.ஏ. கட்டுரையை அப்போது அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை, கொவிட் தடுப்பூசிக்கு அதுவே அத்திவாரமாகி 2023இல் நோபல் வந்தது. நிர்ப்பீடனத்தை அடக்கி வைக்கும் டீ கலங்களைப் பற்றி சகாகுச்சி 1995இல் எழுதினார், 2025இல்தான் நோபல். மூன்று வருடத்துக்கு முன் வந்த கட்டுரைக்குத் தாக்கம் இல்லை என்று நீங்கள் எழுதினால் அது அவசரம்.

இன்னொரு சின்னச் சோதனை: கட்டுரை மீளப்பெறப்பட்டதா, அதாவது பிழை என்று இதழே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டதா என்று பாருங்கள். பப்மெட்டில் அது மேலேயே குறித்திருக்கும். மீளப்பெற்ற பிறகும் மேற்கோள் வந்துகொண்டே இருக்கும் கட்டுரைகள் உண்டு.

எழுதும்போது

ஒரு பக்கம் போதும். அவருடைய கேள்வி என்ன என்று ஒரே வாக்கியத்தில், தமிழில், உங்கள் அம்மாவுக்கு விளங்கும்படி எழுதுங்கள். அது வராவிட்டால் இன்னும் வாசிக்க வேண்டும் என்று அர்த்தம், எழுதத் தொடங்காதீர்கள். அதன் கீழே நான்கைந்து கட்டுரைகளை வருட வரிசையில், ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து எப்படிக் கிளம்பியது என்று. அப்புறம் யார் எதிர்த்தார்கள், யார் எடுத்து நடத்தினார்கள், எந்த வைத்தியசாலையில், எந்த வழிகாட்டியில் அது போய்ச் சேர்ந்தது. கூட வேலை செய்தவர்களின் பெயர்களை விடாதீர்கள். எண்கள் கடைசியில் ஒரு வரி.

என் மருமகள் இரண்டாவது முறை எழுதிக்கொண்டு வந்தபோது முதல் வரி இப்படி இருந்தது: "டெங்கு வந்தவர்களில் சிலருக்கு மட்டும் ஏன் இரத்தக் குழாய் கசிகிறது என்று இவர் கேட்கிறார்." நான் பேனாவை வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அக்கா வாசித்துவிட்டு, "ஏன் கசியுதாம்?" என்று மகளிடம் கேட்டாள்.